மஞ்சளித்த முகப்பு விளக்கு: பாலிஷ் எதை மீட்கும், எதை மீட்காது?

மதுரையில் நான்கைந்து கோடைகளை வெட்டவெளியில் நின்று கழித்த காரின் முகத்தைப் பாருங்கள். பெயிண்ட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முகப்பு விளக்குகள் மட்டும் பாலாடை படிந்ததுபோல் மங்கி, மேல் ஓரத்தில் மஞ்சள் ஏறியிருக்கும். வாட்டர் சர்வீஸில் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது.

குழப்பம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. பற்பசை போதும் என்கிறது ஒரு காணொளி. நான்கு சொட்டுத் திரவம் போதும் என்கிறது ஒரு விளம்பரம். பாலிஷ் கடைக்காரர் அரை மணி நேரத்தில் புதிதுபோல் ஆக்கித் தருகிறார். சில மாதங்களில் பழைய மங்கல் முன்பைவிட மோசமாகத் திரும்பி வருகிறது. பாலிஷ் போட்டதால்தான் கெட்டது என்கிறார்கள் சிலர். போட்ட விதம் சரியில்லை என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அது எந்த அளவுக்கு என்பது, அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் முதலில் என்ன இருந்தது, அது எப்படி அழிந்தது என்பதைப் பார்த்தால் விளங்கும்.

விளக்கின் முன்பக்கம் எதனால் ஆனது?

அம்பாசிடர் காரின் வட்ட விளக்குகளில் இருந்தது அசல் கண்ணாடி. கல் பட்டால் உடையும், எடை அதிகம், வளைந்த வடிவங்களில் வார்ப்பது கடினம். ஆனால் எத்தனை ஆண்டு வெயிலில் நின்றாலும் மஞ்சளிக்காது.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸ் ஆகிய இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் இதை உருவாக்கினார்கள். கண்ணாடியின் எடையில் ஏறக்குறைய பாதிதான். சுத்தியலால் தட்டினாலும் எளிதில் நொறுங்காது. காரின் முகம் எப்படி வளைகிறதோ அப்படியே வார்த்துக்கொள்ளலாம். அமெரிக்கா 1983இல் விதிகளைத் தளர்த்திய பிறகு கார் விளக்குகளில் இதன் பயன்பாடு வேகம் பிடித்தது.

இந்தப் பிளாஸ்டிக்குக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, அடியைத் தாங்குமே தவிர உரசலைத் தாங்காது. தூசியோடு துணியால் துடைத்தாலே கீறல் விழும். இரண்டு, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும். அறுந்த இடங்களில் ஆக்சிஜன் சேர்ந்து உருவாகும் புதிய சேர்மங்கள் நீல ஒளியை விழுங்குகின்றன. நாம் பார்க்கும் மஞ்சள் நிறம் அதுதான்.

இவ்விரண்டையும் தடுக்கவே தொழிற்சாலையில் ஒரு கடினப் பூச்சு அடிக்கிறார்கள். அக்ரிலிக் அல்லது சிலிக்கோன் வகையைச் சேர்ந்த இந்தப் பூச்சில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் கலந்திருக்கும். தடிமன் சுமார் 10 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான் வரை வரும். விளக்கின் ஆயுள் முழுவதும் இந்த மெல்லிய படலத்தை நம்பித்தான் இருக்கிறது. உறிஞ்சும் பொருள் ஆண்டுக்காண்டு தீர்ந்துகொண்டே வரும். தீர்ந்ததும் பூச்சு வெடித்து, தோல் உரிவதுபோல் திட்டுத்திட்டாகப் பெயரும். அதன் கீழே பாதுகாப்பில்லாத பிளாஸ்டிக் வெயிலைச் சந்திக்கிறது.

மதுரை வெயிலுக்கு இதில் என்ன பங்கு?

மதுரை ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை, சித்திரை பிறந்த ஓரிரு நாட்களிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும், நடுப்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. மற்ற மாதங்களிலும் உச்சியைவிட்டு அதிகம் விலகுவதில்லை. சூரியன் உயரத்தில் இருக்கும்போது கதிர் கடக்க வேண்டிய வளிமண்டலத்தின் தடிமன் குறைவு. தரைக்கு வந்துசேரும் புற ஊதாக் கதிர் அதிகம். லண்டனிலோ டோக்கியோவிலோ ஒரு பூச்சு எத்தனை ஆண்டு தாங்கியது என்ற கணக்கு இங்கே செல்லாது.

காரணம் வெயில்தான் என்பதற்குச் சான்று நம்மூர் வண்டிகளிலேயே இருக்கிறது. எதிரில் வருபவரின் கண் கூசாமல் இருக்க முகப்பு விளக்கின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. பல ஆண்டுகள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். சுற்றிலும் மங்கியிருக்க, ஸ்டிக்கர் இருந்த வட்டம் மட்டும் தெளிவாக இருக்கும். இரண்டு விளக்கையும் ஒரே அழுக்கும் ஒரே மழையும் தொட்டிருந்தும், சுவரோரம் நிற்கும் பக்கத்து விளக்கைவிட வெயில் படும் பக்கத்து விளக்கு கூடுதலாக மஞ்சளிப்பதும் இதே காரணத்தால்தான்.

தூசியும் தண்ணீரும் வேலையை விரைவுபடுத்துகின்றன. கிரானைட் லாரிகள் ஓடும் சாலைகளில் பறக்கும் தூசியில் குவார்ட்ஸ் துகள் இருக்கும். அது பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு கடினம். வெறும் துணியால் அதைத் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படியும். இந்தப் புள்ளிகள் மட்டும்தான் பிரச்சினை என்றால் நீர்த்த வினிகரால் போய்விடும், பாலிஷே தேவையில்லை.

மங்கல் வெறும் அழகுப் பிரச்சினையா?

விளக்குக்குள் இருக்கும் பிரதிபலிப்பானோ லென்ஸோ ஒளியை ஒழுங்கான கற்றையாக்கி அனுப்புகிறது. முன்பக்கப் பிளாஸ்டிக்கின் வேலை அதைக் கலைக்காமல் வெளியே விடுவது. மேற்பரப்பில் நுண்வெடிப்பும் கீறலும் நிறைந்தால் கற்றை எல்லாத் திசைகளிலும் சிதறும். விளைவு இரண்டு. ஓட்டுநருக்குச் சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் குறைகிறது. சிதறிய ஒளி எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறுகிறது. டிம் போட்டாலும் கூசுகிறது. அந்தக் கறுப்பு ஸ்டிக்கரால் அப்போது பயன் எதுவும் இல்லை.

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018இல் பழைய கார்களின் மங்கிய விளக்குகளைச் சோதித்தது. புதிய விளக்கு தரும் ஒளியில் சுமார் 20 விழுக்காடே அவற்றில் இருந்து வந்தது. முறையாகப் புதுப்பித்த பின் ஏறக்குறைய 70 விழுக்காடு வரை மீண்டது. நூறுக்குத் திரும்பவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

நாகமலை புதுக்கோட்டை தாண்டி உசிலம்பட்டி நோக்கிச் செல்லும்போது, தெருவிளக்கு இல்லாத இடத்தில் சாலையைக் கடக்கும் ஆட்டு மந்தையோ பின்விளக்கு இல்லாத டிராக்டரோ எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. விலை அதிகம் என்று தள்ளிப்போடும் வேலைகளின் பட்டியலில் இதைச் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வெளிச்சம் போதவில்லை என்று பலர் பல்பை மாற்றுகிறார்கள். 60/55 வாட் இருக்க வேண்டிய இடத்தில் 100/90 வாட் பல்பைப் போட்டால் மங்கிய பிளாஸ்டிக் அதையும் சேர்த்துச் சிதறடிக்கும். எதிரே வருபவருக்குத்தான் கூடுதல் தண்டனை. வெப்பத்தால் பிரதிபலிப்பானின் பூச்சும் கருகும். சட்டப்படியும் தவறு.

பாலிஷுக்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

1. தண்ணீர்ச் சோதனை. விளக்கைக் கழுவி, ஈரம் காய்வதற்குள் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிந்து, காய்ந்ததும் மங்கினால் பிரச்சினை வெளிப்பரப்பில்தான் இருக்கிறது. பாலிஷ் பலன் தரும். காரணம் எளிது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, பாலிகார்பனேட்டுக்கு 1.58. தண்ணீர் பள்ளங்களை நிரப்பும்போது இந்த வேறுபாடு குறைவதால் சிதறலும் குறைகிறது.

2. ஈரமாக இருந்தும் மங்கலாகவே தெரிந்தால் உள்பக்கம் பாருங்கள். நீராவி படிந்திருக்கலாம், தூசி புகுந்திருக்கலாம், பிரதிபலிப்பானே கருகியிருக்கலாம். வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. பின்புற ரப்பர் மூடியும் காற்றுத்துளையும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

3. நகச் சோதனை. கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அது ஆழக் கீறல். முழுதாகப் போக்க முயன்றால் அந்த இடம் குழியும்.

4. டார்ச் சோதனை. பக்கவாட்டில் டார்ச் அடிக்கும்போது பிளாஸ்டிக்கின் உடலுக்குள்ளேயே மெல்லிய வெடிப்புக் கோடுகள் மின்னினால் பாலிஷைக் கைவிட வேண்டும். அந்த விளக்கு மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது.

பாலிஷ் உண்மையில் என்ன செய்கிறது?

பெயர் பாலிஷ் என்றாலும் வேலையின் பெரும்பகுதி இழைப்பதுதான். செத்துப்போன பூச்சையும் மஞ்சளித்த மேல் அடுக்கையும் சுரண்டி எடுத்து, கீழே உள்ள நல்ல பிளாஸ்டிக்கை வெளிக்கொணர்கிறோம்.

உப்புத்தாளின் எண் கூடக் கூட அதன் துகள் சிறிதாகும். 400ஆம் எண் தாளில் துகளின் சராசரி அளவு சுமார் 35 மைக்ரான், 1000இல் 18, 2000இல் 10. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஒரு மைக்ரானில் பாதி அளவு. அதனால் 2000ஆம் எண் தாளோடு நிறுத்தினாலும் பரப்பு பால்போலத்தான் தெரியும். மேலும் நுண்ணிய துகள் கொண்ட, காம்பவுண்ட் எனப்படும் பசையைப் போட்டுத் தேய்த்த பிறகே கண்ணுக்குத் தெளிவு கிடைக்கிறது. தாள்களை வரிசைமாறாமல் பயன்படுத்தச் சொல்வதும் இதனால்தான்: ஒவ்வொரு தாளின் வேலையும் முந்தைய தாள் போட்ட கோடுகளை அழிப்பது. 400இல் இருந்து நேரே 2000க்குத் தாவினால் 400 போட்ட பள்ளங்கள் அப்படியே நிற்கும். அன்றைக்குப் பளபளப்பில் மறைந்தாலும் இரவில் விளக்கைப் போட்டதும் தெரிந்துவிடும்.

செய்முறை இப்படி இருக்க வேண்டும்:

1. விளக்கைச் சுற்றியுள்ள பெயிண்டை மாஸ்கிங் டேப்பால் இரண்டு மூன்று அடுக்கு மூட வேண்டும். டேப்பைத் தாண்டும் ஒரு நொடித் தேய்ப்பு பானட் பெயிண்டைக் கெடுத்துவிடும்.

2. தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். பூச்சு பெயர்ந்திருந்தால் 400 அல்லது 600ஆம் எண் வாட்டர் பேப்பரில் தொடங்கலாம். வெறும் மங்கல் என்றால் 1000 போதும்.

3. வழியும் தண்ணீரைப் பாருங்கள். முதலில் மஞ்சள் கலந்த பாலாக வழியும். அது பழைய பூச்சும் கெட்ட பிளாஸ்டிக்கும். மஞ்சள் நின்று வெறும் வெள்ளையாக வழியத் தொடங்கும்போது நல்ல அடுக்கைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். மூலைகளில் மஞ்சள் நிற்க மிக நேரமாகும். அவசரப்படுபவர்கள் நடுப்பகுதியைத் தெளியவைத்துவிட்டு மூலைகளை அப்படியே விட்டுவிடுவார்கள்.

4. ஒரு தாளில் கிடைமட்டமாகத் தேய்த்தால் அடுத்த தாளில் செங்குத்தாகத் தேய்க்க வேண்டும். முந்தைய கோடுகள் மிச்சம் இருக்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும்.

5. காம்பவுண்டைச் சுழன்று தேய்க்கும் பஃபிங் மெஷினைக் குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். பாலிகார்பனேட் 147 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். உராய்வில் ஒரு சிறு இடம் அந்தச் சூட்டை எட்டிவிட்டால் பரப்பு இழுபட்டு அலைபோல் ஆகும். அதைச் சரிசெய்ய முடியாது. சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் உடனே மெஷினை வைக்காமல் நிழலில் ஆறவிடுவது நல்லது.

தேய்த்த பிறகு என்ன பூசுகிறார்கள்?

மேலே சொன்ன குழப்பத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தேய்க்கும்போது மிச்சசொச்சம் இருந்த தொழிற்சாலைப் பூச்சும் போய்விடுகிறது. காம்பவுண்ட் பரப்பைப் பளபளப்பாக்குமே தவிர, புற ஊதாக் கதிரைத் தடுக்காது. அப்படியே வண்டியை ஒப்படைத்தால் பிளாஸ்டிக் வெற்றுடம்பாக வெயிலில் நிற்கிறது. சில மாதங்களில் மங்குவது அதன் இயல்பு. பாலிஷ் விளக்கைக் கெடுத்தது என்ற புகார் உண்மையில் பூச்சு இல்லாமல் விட்டதைப் பற்றிய புகார்.

மறுபூச்சுக்கு நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, விளக்குக்கென்றே விற்கப்படும், ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் கிளியர், அதாவது நிறமற்ற பூச்சு. நம் ஊர்ப் பட்டறைச் சூழலில் நீடித்த பலன் தருவது இதுதான். இதற்கு, மேலே சொன்ன பஃபிங்கால் பரப்பைப் பளபளப்பாக்கத் தேவையில்லை, செய்யவும் கூடாது. 800 அல்லது 1000ஆம் எண் தாளோடு நிறுத்தி, மங்கலான பரப்பின் மேலேயே அடிக்க வேண்டும். நுண்கோடுகள் இருந்தால்தான் கிளியர் பிடித்து நிற்கும். கிளியரே அந்தக் கோடுகளை நிரப்பித் தெளிவைத் தந்துவிடும். தண்ணீர்ச் சோதனையில் சில நொடி நடந்தது இங்கே நிலைத்துவிடுகிறது. கண்ணாடிபோல் பாலிஷ் போட்டுவிட்டு அதன்மேல் கிளியர் அடிப்பது தலைகீழ் வரிசை. ஓரத்தில் இருந்து உரிந்து வரும் பூச்சுகளில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

இந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அதன் நுண்துளிகள் மூச்சில் கலந்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பின்னர் மிகச் சிறிய அளவே தாக்குதலைத் தூண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டையும் சாதாரண முகக்கவசமும் இதைத் தடுக்காது. பெயிண்ட் அடிக்கும் தொழிலாளிக்கு உரிய வடிகட்டி பொருத்திய கவசம் வாங்கித் தருவது பட்டறை உரிமையாளரின் கடமை. வீட்டு வாசலில், குழந்தைகள் நிற்கும் இடத்தில் இதை அடிக்கவே கூடாது.

பருவமும் முக்கியம். ஆடிக் காற்றில் திறந்தவெளியில் அடித்தால் ஈரக் கிளியரில் புழுதி ஒட்டும். ஐப்பசி மழை நாட்களில் காற்றின் ஈரம் பூச்சை வெளுக்கச் செய்யும். மாசி, பங்குனியின் காலை நேரம் வசதியானது.

இரண்டாவது வழி, துணியால் துடைத்துப் பூசும் பூச்சு. 2000 அல்லது 3000ஆம் எண் வரை தேய்த்த பின் பூசுவது. வீட்டில் செய்ய ஏற்றது, ஆயுள் குறைவு. மூன்றாவது, பாலியூரிதேன் படலம் ஒட்டுவது. தடிமனானது, கல்லடியையும் தாங்கும். பழுதானால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம் என்பது பெரிய வசதி. நான்காவது மெழுகு. வாரக் கணக்கில்தான் தாங்கும். பூச்சு என்று சொல்லத் தகாது.

காணொளிகளில் வரும் வழிகள்

பற்பசையில் சுண்ணாம்புக் கார்பனேட் அல்லது சிலிக்கா துகள் உண்டு. ஆகவே அது மிக மென்மையான காம்பவுண்ட். லேசான மங்கல் குறையும். பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் பள்ளங்களை நிரப்பி, தண்ணீரைப் போலத் தற்காலிகமாகத் தெளிவைக் காட்டுகின்றன. காய்ந்ததும் தூசியை ஈர்க்கின்றன.

பெட்ரோல், தின்னர், கொசு விரட்டித் தெளிப்பான்களில் உள்ள டீட் என்ற ரசாயனம் ஆகியவை வேறு ரகம். இவை பாலிகார்பனேட்டை இளக்கும் அல்லது அதில் நுண்வெடிப்பை உண்டாக்கும். ஒரு நாள் பளபளப்புக்காக விளக்கையே இழக்க நேரும்.

இன்னொன்று ஆவி முறை. சூடாக்கிய கோப்பையின் குழாய் வழியாக ஆவியைப் பாய்ச்ச, மங்கிய பரப்பு நொடியில் தெளிவாகும் காட்சி மயக்கத்தான் செய்யும். பல தயாரிப்புகளில் அந்தத் திரவம் டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான். அது மேற்பரப்பை உருக்கிச் சமப்படுத்துகிறது. பூச்சு இல்லாத பிளாஸ்டிக் மீண்டும் வெயிலுக்கே விடப்படுகிறது. உள்ளே தங்கிய இறுக்கத்தால் பின்னர் வெடிப்பும் விழலாம். அந்த ஆவி உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். டைகுளோரோமீத்தேனின் பெரும்பாலான பயன்பாடுகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் தடை செய்தது. மூடிய ஷெட்டுக்குள் இதை நாள் முழுவதும் செய்யும் இளைஞர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

மற்ற பிளாஸ்டிக் பாகங்கள்

பின்விளக்குகள் பெரும்பாலும் அக்ரிலிக். வெயிலை நன்கு தாங்கும். கீறலைக் காம்பவுண்டால் போக்கலாம். ஆல்கஹாலும் தின்னரும் அதற்கு ஆகாது. பைக்கின் ஸ்பீடோமீட்டர் மூடியைக் கையால் லேசாகப் பாலிஷ் செய்யலாம், உப்புத்தாள் வேண்டாம். பம்பரின் வெளுத்த கறுப்புப் பகுதி பாலிப்ரோப்பிலீன். தேய்த்தால் அதன் சொரசொரப்பு வடிவம் அழியும், நிறம் மீளாது. ஹெல்மெட் வைசர் கீறினால் பாலிஷ் போடாமல் மாற்றிவிடுங்கள். அந்த நுண்கோடுகள் இரவில் எதிர் விளக்கைக் கண்ணுக்கு நேரே சிதறடிக்கும். புதிய வைசர் விலையும் அதிகமில்லை.

பாலிஷா, மாற்றமா?

உடல்வெடிப்பு, உள்பக்க மங்கல், கருகிய பிரதிபலிப்பான், விளக்கை வண்டியோடு பிடித்து நிறுத்தும் காது உடைந்தது ஆகியவற்றில் எது இருந்தாலும் மாற்றுவதே சரி. அப்படி இல்லாமல், முழு விளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டிய எல்.இ.டி. வகை என்றால், முறையான மறுபூச்சு பெரும் செலவை மிச்சப்படுத்தும். ஒருமுறை பூசியதை மீண்டும் இழைத்துப் பூசலாம். தடிமன் குறைந்துகொண்டே போவதால் எல்லையற்ற முறை செய்ய முடியாது.

வாடகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு எஃப்.சி. கணக்கும் உண்டு. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். முகப்பு விளக்கின் ஒளிக்கற்றையும் சோதனையில் அடங்கும். சோதனைக்கு முந்தைய நாள் போடும் வெறும் பாலிஷ், அடுத்த எஃப்.சி. வரை தாங்காது.

கடைக்காரரிடம் வேலையை ஒப்படைக்கும் முன் மூன்று கேள்விகள் போதும். எந்த எண் தாளில் தொடங்கி எந்த எண்ணில் நிறுத்துகிறீர்கள்? தேய்த்த பின் எந்தப் பூச்சு, அதில் புற ஊதாத் தடுப்பு இருக்கிறதா? பூச்சு காய வண்டியை எத்தனை மணி நேரம் இங்கே விட வேண்டும்? அரை மணியில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் இரண்டாவது கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள்.

வேலைக்காக விளக்கைக் கழற்றி மாட்டியிருந்தால், அன்றிரவே வண்டியைச் சமதளத்தில் ஒரு சுவரைப் பார்த்து நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், விளக்கின் மையத்தைவிடச் சற்றுக் கீழே விழ வேண்டும். இடக்கோடியில் மட்டும் லேசாக மேலேறலாம். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் விளக்கின் பின்னால் உள்ள திருகைத் திருப்பிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.